ஜும்ஆ நேரத்துச் சித்திரக்காரி

காலிதீனுக்கு ஒரு நேர்கோடு கீறத் தெரியாது. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். கல்முனைக் கடைத்தெருவில் புடவைக் கடையில் நின்று சீத்தைத் துணி வெட்டும்போதே அவருடைய கத்தரிக்கோல் கோணலாகத்தான் போகும். வாங்கிய பெண்கள் வீட்டில் வைத்து ஓரத்தை நேராக்கிவிட்டுத்தான் தைப்பார்கள். அப்படிப்பட்ட மனுசனை இன்றைக்கு ஊர் சித்திர மாஸ்டர் என்கிறது. போன கிழமை மீன் கொண்டு வந்தவன் என் வேலிக் கடப்படியில் நின்று, காலிதீன் மாஸ்டர் வீடு எது என்று கேட்டான். எனக்கு வந்த கோபத்துக்குக் கூடையிலிருந்த சூரையைத் தூக்கி அவன் தலையிலேயே போட்டிருப்பேன். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ஊர் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவன் சொன்னான்.

என் பெயர் ஸகியா. மருதமுனையில் காலிதீனின் மனைவி றபீக்காவின் அடுத்த வளவு எனது. நடுவில் ஒரு கிடுகு வேலி. அந்த வேலியில் நாங்கள் ஒரு ஆள் நுழையும் பொட்டு வைத்திருந்தோம். உப்பும் தீப்பெட்டியும் ஊர்க்கதையும் அதற்குள்ளால்தான் போகும், வரும். ஆகவே அவளைப் பற்றி நான் சொல்வது கேள்விப்பட்டதல்ல, கண்டது.

அவள் தறிச் சத்தத்தில் பிறந்தவள். வாப்பா சாறன் நெய்தார், உம்மா நூலுக்குச் சாயம் போட்டாள். இரண்டுக்கும் நடுவில் இவள் அடுப்புக்கரியை எடுத்துக் குசினிச் சுவரில் கீறிக்கொண்டிருந்தாள். உம்மா வெள்ளையடிப்பாள், இவள் மறுபடி கீறுவாள். பெரியபிள்ளையானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். எங்கள் எல்லோருக்கும்தான் நிறுத்தினார்கள். நாங்கள் மூலையில் இருந்து அழுதோம். அவள் அழவில்லை, சண்டை பிடித்தாள். சோறு வைத்த கோப்பையைத் தள்ளிவிட்டு, மூத்தவன் காக்காவுக்கு மட்டும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டாள். யாரிடமும் பதில் இருக்கவில்லை. பதில் இல்லாத வீட்டில் அடி இருக்கும், அது கிடைத்தது.

பிறகு நிந்தவூரிலிருந்து காலிதீன் மாப்பிள்ளையாக வந்தார். எங்கள் பக்கத்தில் பெண் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் பெண்ணின் சீதனம். குடி என்கிற வம்சமும் தாய்வழிதான். இப்படி எல்லாம் பெண்ணிடம் இருக்க, பெயரை மட்டும் எங்கே கொண்டுபோய் ஒளித்தார்கள் என்பதுதான் எனக்கு இன்று வரைக்கும் விளங்கவில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து காலிதீன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலில் 'புள்ள'. மகள் நபீலா பிறந்த பிறகு 'நபீலாட உம்மா'. வெளியில் என்றால் 'எங்கட வீட்டார்'. அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒருவன் தன் மனைவியின் பெயரைச் சபையில் சொன்னால் அவளை முக்காடில்லாமல் சந்தியில் நிறுத்தியது மாதிரி என்று எங்கள் ஆண்கள் நினைக்கிறார்கள். வேறொருவன் சொல்லிவிட்டால் அடிதடிதான். என் பெயரும் இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. நான் ஜவுபருடைய பெண்சாதி, அவ்வளவுதான்.

சித்திரக் கொட்டில் வந்தது இந்தப் பெயரில்லாதவர்களின் ஊருக்குத்தான். அது என் வளவின் பின்வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய நெல் கொட்டில். சொந்தக்காரர் சீனிமுகம்மது மரைக்கார், பள்ளிவாசல் நிருவாகத்தில் எங்கள் குடிக்கு அவர்தான் மரைக்கார். கல்லோயா வாய்க்கால் தண்ணீர் வந்து விளைச்சல் கூடியதும் சவளக்கடையில் வயலோடு சேர்த்துப் பெரிய களஞ்சியம் கட்டிவிட்டார். இந்தக் கொட்டில் எலிக்குக் கிடந்தது. கொழும்பில் சித்திரம் படித்துவிட்டு வந்த ஸைனுலாப்தீன் மாஸ்டர் போய்க் கேட்டார். மரைக்கார் ஒரே ஒரு நிபந்தனையோடு கொடுத்தார்: உயிருள்ள எதையும் கீறக் கூடாது. மாஸ்டர் சம்மதித்தார். ஐம்பத்துநாலாம் ஆண்டு ஊர் இளந்தாரிகள் சேர்ந்து கொட்டிலைக் கூட்டி, கூரை மேய்ந்து, கரும்பலகை மாட்டினார்கள். பின்னேரங்களில் ஆண்களுக்கு வகுப்பு நடந்தது. நெசவுக்காரர்கள் சாறன் ஓரத்துக்குக் கோலம் பழகினார்கள், தோணிக்காரர்கள் தோணியில் பெயர் எழுதப் பழகினார்கள். காலிதீனும் போவார். கீறுவதற்கல்ல, அங்கே தேத்தண்ணி ஊற்றுவார்கள், கதைக்க ஆள் இருக்கும்.

றபீக்கா சும்மா இருப்பாளா. அவள் அதற்கு ஒரு வழி கண்டாள், அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னதும் ஊர் ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குள் போய்விடுவார்கள். தெருவில் ஆண் வாடையே இருக்காது. அந்த நேரத்தில் பெண்கள் தெருவில் நடந்தால் பார்க்க ஆளில்லை. ஜும்ஆ நேரத்தில் எங்களுக்குக் கொட்டிலைத் தரச் சொல்லி மாஸ்டருக்குச் சொல்லி அனுப்பினாள். போய்ச் சொன்னவள் அன்னப்பிள்ளை. பக்கத்துத் தமிழ்க் கிராமத்திலிருந்து வந்து கொட்டிலைக் கூட்டித் துப்புரவாக்குகிறவள், கதவுத் திறப்பும் அவளிடம்தான். மரைக்கார் கண்டும் காணாமல் இருந்தார்.

ஆனால் மாஸ்டரும் ஆண்பிள்ளைதானே, அவரும் தொழப் போகவேண்டும். ஆகவே வாத்தியார் இல்லாத வகுப்பு அது. காலையிலேயே வந்து, பானையையோ வெற்றிலை வைக்கிற பித்தளை வட்டாவையோ மேசையில் வைத்து, செய்ய வேண்டியதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போய்விடுவார். பாங்கு சொன்னதும் அன்னப்பிள்ளை கதவைத் திறப்பாள். நாங்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு வேலிகளுக்குள்ளால் வந்து சேருவோம். தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வருவதற்குள் கடதாசிகளைக் கருவாடு காயப்போட்டது மாதிரிக் கயிற்றில் மாட்டிவிட்டு வீட்டுக்கு ஓடுவோம். பின்னேரம் மாஸ்டர் வந்து ஒவ்வொன்றிலும் திருத்தம் எழுதுவார். ஆசிரியரும் மாணவிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை.

கடதாசியில் பெயர் எழுத முடியாது, ஆண்கள் கைக்குப் போகும். ஆகவே ஆளுக்கொரு அடையாளம் வைத்தோம். நான் தைக்கிறவள், என்னுடையது ஊசி. றபீக்காவுடையது தறியில் ஓடுகிற நாடா. கொய்யாவும் இருந்தது, அகப்பையும் இருந்தது. 'ஊசிக்கு: கை நடுங்குகிறது, பென்சிலை இறுக்கிப் பிடிக்க வேண்டாம்' என்று மாஸ்டர் எழுதியிருப்பார். என் உம்மாவுக்குப் பிறகு என் கை நடுங்குவதைக் கவனித்த ஒரே ஆள் அந்த மனுசன். அந்த நன்றி எனக்கு உண்டு. அதனால்தான் பின்னால் அவர் செய்த வேலையைப் பொறுக்கவும் முடியவில்லை.

ஒருமுறை எங்கள் எல்லோருடைய படத்திலும் நிழல் பிழை என்று எழுதியிருந்தார். மற்றவர்கள் தலையில் கைவைத்தார்கள். றபீக்கா வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் எழுதினாள்: 'பானையைக் காலையில் வைத்தது நீங்கள். நாங்கள் பார்த்தது பகலில். நிழல் யாருக்காகவும் காத்துக்கொண்டு நிற்காது.' அடுத்த கிழமை அதற்குக் கீழே, 'சரி, பிழை என்னுடையது' என்று இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள்.

பெயருக்கு அவர் ஆசிரியர். உண்மையில் எங்களுக்குப் படிப்பித்தவள் அவள்தான். புதிதாக வந்த பெண் பென்சிலைப் பிடித்துக்கொண்டு முழித்தால் இவள் பக்கத்தில் போய்க் குந்துவாள். கோபக்காரி. கவனிக்காமல் கதைத்தால் விரல் முட்டியில் ஒரு தட்டுத் தட்டுவாள். ஆனால் கொஞ்ச நாளில் அந்தப் பெண் வட்டாவைக் கீறி முடித்திருப்பாள். ஒன்றே ஒன்றுதான் அவளுக்குக் குறை. கை பிடிபடுகிற நேரத்தில் தொழுகை முடிந்துவிடும். கள்ளர் மாதிரி ஓட வேண்டும். எங்களுக்கென்று ஒரு அறையும் கிழமையில் இரண்டு நாளும் கிடைத்தால் போதும் ராத்தா, வேறொன்றும் வேண்டாம் என்று வேலிப் பொட்டுக்குள்ளால் என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

ஐம்பத்தாறாம் ஆண்டு நோன்புக்கு முந்திய மாதத்தில் அதற்கு வழி வந்தது. கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி வருகிறாராம். கொட்டிலுக்கு அரசாங்க உதவி கொடுப்பதா என்று பார்ப்பாராம். படிப்பிக்கக் கூடிய ஒரு பெண் ஊரில் இருந்தால், பெண்களுக்கென்று தனிப் பிரிவும் தனி அறையும் தந்து, அவளையே பயிற்றுநராகப் போடுவாராம். மாஸ்டர்தான் இதை அன்னப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பினார், நாடாவை ஒரு பெரிய படம் கீறச் சொல்லுங்கள் என்று. ஆகவே அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நாடா யார் வீட்டு நாடா என்பதும் தெரியும். அவர் கையிலிருந்து அவளுக்குக் கடதாசியும் சாயமும் வாங்கிப் போனது காலிதீன்தானே.

அவள் கீறினாள். குசினியில் அடுப்பை அணைத்துவிட்டு, கடதாசியைத் தரையில் விரித்து, நபீலாவை என் மடியில் போட்டுவிட்டுக் கீறினாள். கரைவலை இழுத்து முடிந்த கடற்கரை. வலைக் கயிறு கிடக்கிறது, கூடை கவிழ்ந்து கிடக்கிறது, மனுசர் ஒருவரும் இல்லை. மரைக்காரின் நிபந்தனையை அவள் மீறவில்லை. ஆனால் மணல் முழுக்கக் காலடி. வலை இழுத்தவர்களின் குதி ஆழப் புதைந்த காலடி, பங்கு பிரித்த இடத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மிதிபட்ட காலடி, ஓரத்தில் தயங்கி நின்று திரும்பிப்போன சின்னக் காலடி. யார் எங்கே நின்றார், யாருக்கு மீன் கிடைக்கவில்லை என்று காலடியைப் பார்த்தே சொல்லலாம். நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்குப் பிறகு இவளுக்கு அறை கிடைக்காமல் போகாது என்று நினைத்தேன். சரியான முட்டாள் நான்.

அதிகாரி வந்த நாள் வெள்ளிக்கிழமை இல்லை. ஆண்கள் கொட்டில் நிறைய நின்றார்கள். பெண்கள் போக முடியாது. நாங்கள் என் பின்வேலியில் காதை வைத்துக்கொண்டு நின்றோம். றபீக்கா புதுச் சேலை கட்டியிருந்தாள். கூப்பிட்டால் முக்காட்டோடு போய்ப் பதில் சொல்ல வேண்டும் என்று ஆயத்தமாக இருந்தாள். கிடுகு இடுக்கில் எங்களுக்கு உள்ளே நடப்பது தெரிந்தது.

அதிகாரி நல்ல மனுசன், சொல்லாமல் விடக்கூடாது. எல்லாவற்றையும் ஆறுதலாகப் பார்த்தார். காலடிப் படத்தின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதைக் கீறியவர் யார்?" என்று கேட்டார்.

மாஸ்டர் மரைக்காரைப் பார்த்தார். மரைக்கார் காலிதீனைப் பார்த்தார். காலிதீன் நிலத்தைப் பார்த்தார். இத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒருவன் பெண்சாதியின் பெயரை யார் எடுப்பது? மாஸ்டர் எடுத்தால் காலிதீனுக்கு அவமரியாதை. மரைக்கார் எடுத்தால் குடிக்கே அவமரியாதை. காலிதீன் எடுத்தால் நாளைக்குச் சந்தியில் சிரிப்பார்கள். ஒரு பெயர், மூன்றெழுத்தோ நான்கெழுத்தோ, அதைச் சொல்ல அங்கே ஒரு வாய் இல்லை. மரைக்கார் கண்ணைக் காட்டினார். மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு காலிதீனின் தோளில் கையை வைத்தார். இவர்தான் ஐயா, என்றார்.

காலிதீன் மறுப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். ஒரு தலையாட்டல் போதும். அவர் தலையாட்டினார்தான், ஆனால் ஓம் என்று ஆட்டினார். அதிகாரி அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு, படிப்பிக்கக் கூடிய பெண்கள் யாராவது உண்டா என்று கேட்டார். பெண்கள் பழகுகிறார்கள், படிப்பிக்கிற அளவுக்கு இன்னும் வரவில்லை என்று மாஸ்டர் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். என் பக்கத்தில் கிடுகு நெரிபடுகிற சத்தம் கேட்டது. றபீக்காவின் கைக்குள் வேலி ஓலை துண்டு துண்டாக இருந்தது.

பெண்கள் பிரிவு போச்சு. பயிற்றுநர் வேலை காலிதீனுக்கு என்றாகி அவர் மாஸ்டரானார், பெருநாள் முடிந்து அதிகாரி வந்து அதை முறைப்படி ஒப்படைப்பார் என்று பேச்சு. அதோடு விட்டார்களா? அரசாங்க ஆள் பொறுப்பெடுக்கிற இடத்தில் பெண்கள் ஆளில்லாத நேரத்தில் வந்து போவது அழகில்லை என்று மரைக்கார் வெள்ளிக்கிழமை வகுப்பையும் நிறுத்தினார். கேட்டது கிடைக்காதது ஒன்று, இருந்ததும் பறிபோனது இன்னொன்று. எங்கள் வயிறெரிந்ததை இங்கே எழுத ஏலாது, கடதாசி கருகிப்போகும்.

அன்று பின்னேரம் காலிதீன் இனிப்புப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். நான் பொட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன், மறைக்கவில்லை, கேட்கவேண்டும் என்றுதான் நின்றேன். அவள் இனிப்பைத் தொடவில்லை. அவர் கெஞ்சுகிற குரலில் சொன்னார்:

"சபையில உன்ட பேரச் சொன்னா எனக்கு மரியாதயா புள்ள? நாளைக்குச் சந்தியில வெச்சிக் கதைப்பானுகள். ஆர் மாஸ்டரா இருந்தா என்ன, நம்மட வீட்டுக்குத்தானே வந்திருக்கி."

"இந்த வீடு என்ட உம்மா எனக்குத் தந்தது," என்றாள் அவள். சத்தம் போடவில்லை. "தறி என்ட. கீறின கை என்ட. பேர் மட்டும் எப்பிடி உங்கட மரியாதயாப் போச்சி?"

அவருடைய பாயையும் தலையணையையும் எடுத்து மண்டபத்தில் போட்டுவிட்டு உள்ளே போய்த் தறியில் இருந்தாள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இருக்கும், கறி இருக்கும், கதை இருக்காது.

நோன்பு மாதம் முழுக்க அவளுக்குப் புத்தி சொல்ல ஆள் வந்தபடி இருந்தது. நிந்தவூரிலிருந்து மாமி வந்து, புருசனுக்கு வந்த சீதேவியைக் காலால் தள்ளுகிறாயே என்று அழுதாள். பக்கத்து வீட்டுக்காரிகள் பொறுமையைப் பற்றிச் சொன்னார்கள். எங்கள் ஊரில் பொறுமை என்ற சொல் பெண்களுக்கு மட்டும் பங்கு வைத்துக் கொடுத்தது. காலிதீனும் கரும்பலகையில் என்ன கீறுவது, பழக வருகிறவர்களுக்கு எதிலிருந்து தொடங்குவது என்று அவளிடம் கேட்டுப் பார்த்தார். கொஞ்சம் கீறித் தந்தால் பார்த்துப் பழகிக்கொள்வேன் என்றார். அவள் விடியுமுன் ஸஹருக்கு எழும்பி அவருக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள். ஒரு கோடு கீறிக் கொடுக்கவில்லை.

மாஸ்டருக்கும் மனம் அறுத்திருக்க வேண்டும். அவளுடைய மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று அன்னப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பப் பார்த்தார். அன்னப்பிள்ளை அந்தச் செய்தியைக் கொண்டுவரவில்லை. அங்கேயே பதில் சொல்லிவிட்டு வந்தாள். என்ன சொன்னாய் என்று நான் கேட்டேன். அவள் விளக்குமாற்றைச் சுவரில் தட்டிவிட்டுச் சொன்னாள்:

"எங்கட வயல் வட்டையில மாட்டுக்கும் பேர் சொல்லித்தான் கூப்பிடுற, மாஸ்டர் எண்டன்."

பெருநாள் முடிந்தது. அதிகாரி வந்தார். இந்த முறை மரைக்காருக்குப் பெருமை தாங்கவில்லை. தன் குடிக்கு வந்த மருமகன் அரசாங்க மாஸ்டராகிற நாள் அல்லவா. பெண்களும் வந்து பார்க்கட்டும் என்று கொட்டிலின் ஒரு பக்கத்தில் திரைச்சீலை கட்ட அனுமதித்தார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். நாங்கள் திரைக்குப் பின்னால் பாயில் இருந்தோம். றபீக்கா வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். அந்தப் புதுச் சேலையைத்தான் கட்டியிருந்தாள். திரையோரமாக, ஆண்கள் பக்கம் தெரிகிற இடத்தில் இருந்துகொண்டாள்.

மரைக்கார் பேசினார், மாஸ்டர் சுருக்கமாகப் பேசினார். பிறகு அதிகாரி எழும்பினார். பேச்சை விடுவோம், புதிய பயிற்றுநர் சபைக்கு முன்னால் ஏதாவது ஒன்றைக் கீறிக் காட்டட்டும் என்றார். வெற்றிலை வட்டா ஒன்று மேசையில் இருந்தது, அதையே கீறச் சொன்னார். காலிதீனிடம் வெண்கட்டியை நீட்டினார்.

காலிதீன் வாங்கினார். புது வெள்ளைச் சட்டை, கழுத்தில் வியர்வை. கரும்பலகையில் கையை வைத்து ஒரு கோடு இழுத்தார், அது சரிந்து போனது. உள்ளங்கையால் அழித்தார். மறுபடி இழுத்தார், வெண்கட்டி முறிந்து விழுந்தது. பின்வரிசையில் ஒருவன் இருமினான், அது சிரிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். மாஸ்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரியின் முகம் மெல்ல மாறியது. காலிதீன் திரும்பினார். சபையைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார்.

"புள்ள," என்றார்.

திரைக்குப் பின்னால் எல்லோரும் றபீக்காவைப் பார்த்தோம். அவள் அசையவில்லை.

"நபீலாட உம்மா."

நபீலா மட்டும் என் மடியில் இருந்து தலையைத் தூக்கினாள். யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். எங்கள் வீட்டாரை, என்றார் காலிதீன். வீட்டார் என்றால் யார், என்ன பெயர் என்று அந்த மனுசன் கேட்டார். மரைக்கார் கதிரையில் இருந்து பாதி எழும்பிக் கண்ணைக் காட்டத் தொடங்கினார். இந்த முறை காலிதீன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கையில் முறிந்த வெண்கட்டி, முழங்கை வரைக்கும் தூள். அழப்போகிறவர் மாதிரி நின்றார். அந்த நேரத்திலும் எனக்கு இரக்கம் வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

"றபீக்கா," என்றார். தொண்டைக்குள்ளேயே பாதி நின்றுவிட்டது.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அவளுடைய குரல் வந்தது. அன்றைக்கு வேலியோரத்தில் நின்ற நாளிலிருந்து நெஞ்சில் அடக்கி வைத்திருந்த குரல்.

"இன்னொருக்காச் சொல்லுங்க. அந்த ஐயாக்குக் கேக்கல்ல."

காலிதீன் நிமிர்ந்தார். கொட்டில் முழுக்கக் கேட்கச் சொன்னார். என் வளவுக் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்ற அன்னப்பிள்ளைக்கும் கேட்டதாம். "றபீக்கா. அந்தக் கடக்கரைப் படம் கீறினது அவ. நான் பொய் சொன்ன."

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரையை விலக்கி வெளியே போனாள். ஒருவரையும் பார்க்கவில்லை. கணவனின் கையிலிருந்து முறிந்த வெண்கட்டியை எடுத்தாள். அவர் கீறியதை முந்தானையால் துடைக்கவில்லை, மூலையில் அப்படியே விட்டாள். பக்கத்தில் வட்டாவைக் கீறினாள். விளிம்பு, கால், வயிற்றில் இருந்த பள்ளம், அதற்குக் கீழே பகல் நேரத்து நிழல். முடித்துவிட்டு அடையாளம் வைக்கிற மூலையில் நாடாவைக் கீறவில்லை. பெயரை எழுதினாள். மாஸ்டருக்கு அருகில் வந்ததும் ஒரு கணம் நின்று, "நிழல் சரியா மாஸ்டர்?" என்று கேட்டாள். ஒருவரையொருவர் அவர்கள் முதன்முதலாகக் கண்டது அன்றைக்குத்தான். அவர் சரி என்று தலையை ஆட்டினார்.

பெண்கள் பிரிவு வந்தது. அதிகாரி ஊருக்குப் போய் முதல் வேலையாக அதைச் செய்தார். கொட்டிலின் கிழக்குப் பக்கத்தைத் தட்டியடித்து எங்களுக்குத் தந்தார்கள், கிழமையில் இரண்டு நாள். இப்போது நாங்கள் ஓடுவதில்லை. புதிதாக வருகிறவளிடம் அவள் முதலில் கேட்பது பெயரைத்தான். சொல்லத் தயங்கினால் விரல் முட்டியில் தட்டு. காலிதீனின் பாய் உள்ளே போய்விட்டது, எப்போது போனது என்று நான் கேட்கவில்லை. அவர் பழையபடி கடையில் சீத்தை வெட்டுகிறார், கோணலாகத்தான். யாராவது மாஸ்டர் என்று கூப்பிட்டால் நான் இல்லை என்பார், ஆனால் சத்தமாக இல்லை. மரைக்கார் ஒருநாளும் அவளுடைய பெயரைச் சொன்னதில்லை. போன மாதக் கூட்டத்திலும் 'காலிதீனுடைய வீட்டாருக்கு' நன்றி சொன்னார். ஊரும் அப்படித்தான், கண்ணால் கண்டதை விட்டுவிட்டு வாய்ப்பழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்த மீன்காரனிடம் நான் சொன்னேன், காலிதீன் மாஸ்டர் என்று இந்த ஊரில் ஒருவரும் இல்லை, றபீக்கா மாஸ்டரின் வீடு வேண்டுமென்றால் காட்டுகிறேன் என்று. அவன் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு, "அவட வீடுதான் ராத்தா," என்று பெயரை விழுங்கிவிட்டு வாய்க்குள் முணுமுணுத்தான். நான் கடப்பை மறித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னொருக்காச் சொல்லு," என்றேன்.